ஏழாம் மாடி ஊழியன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நன்றாகத் தூங்குகிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் ஏசி பார்க்கும் இந்தக் கட்டிடம் எந்த ரியல் எஸ்டேட் டிரஸ்டுடையதோ, அதில் பணம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. வாடகை வருமானம் பணம் போட்டவர்களுக்கு ஒழுங்காகப் பங்கு பிரிந்து போகிறதாம். ஏழாம் மாடியோ வெகுநாளாகக் காலி. அதற்கு யார் வாடகை தருகிறார்கள்?

நேற்று டிரஸ்டின் நிலைமையை ஆராய ஆட்கள் வந்தார்கள். "கம்ப்யூட்டரப் பாத்துட்டு சும்மா உக்காருங்க, போதும்" என்று கட்டிட மேனேஜர், ஏசி, லிஃப்ட் பார்க்கும் எங்களை ஏழாம் மாடியில் கம்பெனி ஊழியர்கள்போல உட்கார வைத்தார். வந்தவர்களில் ஒரு மேடம் என் அருகில் நின்று, "வேலை எப்படிப்பா போகுது? சாப்ட்டியா?" என்றார். இங்கே யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "நல்லா போகுது மேடம்" என்றேன். அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

பணம் போட வேண்டாம் அப்பா. ஆனால் அந்த மேடம் அடுத்த மாதமும் வருவாராம். என் வெள்ளைச் சட்டையை அனுப்பி வையுங்கள்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்