பூசி மறைத்த எண்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "வேலையா இருக்கேன், வை" என்பாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலிதான் விட்டபாடில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே திட்ட ஆரம்பித்துவிடுகிறாள். பாப்பா நன்றாக உயர்ந்திருப்பாள். நீ தைத்த சட்டையில் அவளை ஒரு படம் எடுத்து அனுப்பு.

எனக்கு இப்போது யார்டு வாசலில், கண்ணாடி அறையில் வேலை. முன்பு போல வெயிலில் நின்று கண்டெய்னர் எண்களைக் கத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் சீலோடு ஒரு ரேடியோ டேக் இருக்கிறது. லாரி உள்ளே நுழையும்போது கம்பத்திலிருக்கும் ரீடர் அதைப் படித்துவிடும். எந்தப் பெட்டி, எங்கிருந்து வருகிறது, வழியில் யாராவது சீலை உடைத்தார்களா, எல்லாம் திரையில் வந்துவிடும். நான் தலையாட்டினால் போதும். கிரேன் ஓட்டுகிற ஒட்டகம் அண்ணன், "உனக்குக் குடுக்கற சம்பளத்தை அந்தக் கம்பத்துக்கே குடுக்கலாம்டா" என்று கேலி செய்கிறார்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. போன வாரம் நீலப் பெயின்ட் அடித்த ஒரு குளிர்ப்பெட்டி காலியாக வந்தது. கதவிலிருந்த டேக் ஒரு எண்ணைச் சொன்னது. காகிதத்தோடு சரியாக இருந்தது. அதற்குள் பெட்டியின் உள்ளேயிருந்து இன்னொரு டேக் பேசியது. அந்த எண் எனக்கு மனப்பாடம். போன வருஷம் மாமா மருந்துச் சரக்கேற்றிக்கொண்டு போய், வண்டியும் ஆளும் வராமலே போனதே, அந்தப் பெட்டியின் எண்.

மெஷின் கோளாறாக இருக்கும் என்று லாரியைப் பின்னால் எடுத்து மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் அதே எண். இறங்கிப் போய்த் தடவிப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில் பழைய எழுத்துகளின் மேடு விரலில் தட்டுப்பட்டது. உள்ளே ஏறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை, கழுவிவிட்டிருந்தார்கள். திரும்பும்போது காற்றில் கதவு மெல்லச் சாய்ந்து வந்தது. எப்படி வெளியே குதித்தேன் என்று எனக்கே தெரியாது.

போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. பெட்டியைக் கடைசி வரிசையில் தனியாக வைத்திருக்கிறார்கள். ஒட்டகம் அண்ணன்கூட அந்தப் பக்கம் கிரேனைத் திருப்புவதில்லை. உச்சி வெயிலில் எல்லாப் பெட்டியும் கொதிக்கிறது. இதன்மேல் கை வைத்தால் மட்டும் ஜில்லென்று இருக்கிறது. குளிர்மெஷினுக்குக் கரண்டே கொடுக்கவில்லை. என் மனப்பிரமையாகத்தான் இருக்கும்.

உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல், சும்மா தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாப்பாவின் படமும் அதோடு இருக்கிறது. சிரிக்கச் சொன்னால் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்கிறாள்.

அந்த ஆளைப் பற்றி எனக்கு எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். கம்பெனி ஆட்கள் வந்து பீரோவைக் கவிழ்த்தார்கள், பாப்பாவின் புத்தகப் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நீயும்தானே பக்கத்தில் நின்றாய்? கடைக்குப் போனால், "சரக்கோட ஓடினவன் பொண்டாட்டி இவதான்" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். முதலில் நான் நம்பவில்லை. போகப் போக நம்புவதுதான் சுலபமாக இருந்தது. ஓடிப்போனவன் என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

பாப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். உங்க அப்பா நம்மளை விட்டுட்டுப் போயிட்டாரு என்று. அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. ஆனால் யாராவது கதவைத் தட்டினால் என்னை முந்திக்கொண்டு அவள்தான் ஓடுகிறாள். ஏன் ஓடுகிறாய் என்று நான் கேட்பதில்லை.

திருட்டுப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து ஓட்டுவது உலகத்தில் நடக்காததா? விட்டுத் தொலை. உன் வேலையைப் பார்.

ஒன்று மட்டும் எழுது. பெட்டிக்குள்ளே இருந்த அந்த டேக், எண்ணை மட்டும்தான் சொன்னதா?

அக்கா

*

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு, உட்கார்ந்துகொண்டு படி. நேரில் வந்து சொல்லத்தான் கிளம்பினேன். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். போனில் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை இது.

மாமா ஓடவில்லை.

எங்கள் ஆபீசில் சென்சார்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் பெண் ஒருத்தி இருக்கிறாள். சோதனைக்காக அந்தப் பெட்டியின் கூரைத் தகட்டுக்குள் ஒரு சென்சாரை அவள்தான் வைத்திருந்தாள். நீ கேட்டாயே, உள்ளேயிருந்து பேசிய டேக், அது இதுதான். டிரைவர்களுக்கும் அது தெரியாது. குளிர், வெளிச்சம், அதிர்வு மூன்றையும் பதிந்துகொண்டே இருக்கும். எங்கள் யார்டு ரீடர் பக்கத்தில் வந்தால், சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடும். கொள்ளைக்காரர்கள் கதவு சீலை வெட்டினார்கள். சிக்னலை அடைக்கும் கருவியும் வைத்திருந்தார்கள். கூரைக்குள் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, கேட்பாரில்லாமல் இவ்வளவு காலம் அது சுற்றியிருக்கிறது.

போலீஸ் அதிகாரியையும் என்னையும் உட்கார வைத்துத் திரையில் காட்டினாள். வண்டி நின்றிருக்கிறது. கதவு திறந்து வெளிச்சம் விழுந்திருக்கிறது. பிறகு கதவு மூடி, உள்ளே மறுபடி இருட்டு. உறைகுளிரில் வைக்க வேண்டிய மருந்து அது, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு திரையில் அதிர்வைக் காட்டும் சின்னச் சின்னக் கோடுகள். கொஞ்சம் சேர்ந்தாற்போல, பிறகு இடைவெளி, மறுபடி கொஞ்சம்.

அதிகாரி, "ரோட்டுல குழி கிழி இருந்திருக்கும்" என்றார்.

"வண்டி நிக்குது சார்" என்றாள் அவள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தப் பெட்டிகளுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது அக்கா. வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

பெயின்ட் அடித்த பட்டறையில் தொடங்கி, விசாரித்து விசாரித்து இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்கள். மாமா சாவியைத் தரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற மருந்து, இதில் போய்க் கை வைக்கிறீர்களே என்று சத்தம் போட்டாராம். "சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் உள்ள போட்டோம். கொஞ்ச நேரத்துல திறந்துவிடலாம்னுதான் இருந்தோம்" என்று அவர்களில் ஒருவன் சொன்னான். ஏதோ அடுப்பை அணைக்க மறந்தவன் மாதிரி சொன்னான்.

அவனே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைக் காட்டினான். நானும் போனேன். மாமாவின் பெல்ட் இருந்தது. பழைய விபத்தில் காலுக்குள் வைத்த தகடு இருந்தது. நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்க வேண்டாம்.

கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்து கைகட்டிக்கொண்டு நின்றார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. வழக்கிலிருந்து மாமாவின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார். ஊர் வாயிலிருந்து யார் எடுப்பது என்று அம்மா கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியைப் போலீசார் கொண்டுபோய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் ஒட்டகம் அண்ணன் காலியாக விட்டிருக்கிறார். வாசலில் வேகத்தடை ஏறும்போது ஒவ்வொரு லாரியின் கதவும் தடதடவென்று அடிக்கிறது. தினமும் கேட்ட சத்தம்தான். இப்போது ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுவிடுகிறேன். இரண்டு லாரிகளை நிறுத்தி, சீலை வெட்டித் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்றில் டயர், இன்னொன்றில் டைல்ஸ். யாரும் என்னைத் திட்டவில்லை.

கிடைத்தது மாமாதான் என்று உறுதி செய்யப் பாப்பாவின் ரத்தம் வேண்டுமாம், டிஎன்ஏ பார்க்க. அவளைக் கூட்டிக்கொண்டு வா. வருவதற்கு முன், அப்பா நம்மை விட்டுப் போகவில்லை என்று மட்டும் அவளிடம் சொல். மீதியை அவள் வளர்ந்த பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன். நீயும் உன்னை நொந்துகொள்ளாதே. நம்பும்படியாகத்தான் எல்லாரும் பேசினார்கள்.

பகல் பஸ்ஸில் வாருங்கள், ஸ்டாண்டில் நான் நிற்பேன். வந்து என்ன வேண்டுமானாலும் கேள், தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கோடுகள் திரையில் எவ்வளவு தூரம் போயின என்று மட்டும் கேட்காதே அக்கா.

நீங்கள் இருவரும் நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் தம்பி