உன் திட்டு கேட்கும் தூரம்

ஈட்டென்,
செவ்வாய், பயிற்சி முடிந்த மாலை.

அன்புள்ள ஜெமேலிக்கு,

நானும் மகளும் நலம். நீயும் அந்தக் குளிரில் தடுமன் பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டும். பந்தயம் முடியும்வரை உங்கள் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே, அதுவும் ஒருவகையில் நல்லதுதான். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நாளை ஜப்பானுக்கு விமானம் ஏறும் பெங்காட் இதை உன் கையில் தருவான்.

செரோனோ உன் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தடுக்கி விழுகிறாள். கழற்றச் சொன்னால் அழுகை. நான் ஓடப் போகும் நேரத்தில் தங்கை தெக்லா பார்த்துக்கொள்கிறாள். மாடு கன்று ஈன்றுவிட்டது. மழையே இல்லை, செம்புழுதி சோற்றுப் பானை வரை வருகிறது.

நீ கடைசியாகப் பேசியது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "முன்னாடி உன் முதுகு இல்லாம எனக்கு ஓடவே வரல. ஓடாமலே ஊருக்கு வந்துடறேன்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மட்டும் ஓடும் மாரத்தான், ஆண்கள் யாரும் முன்னால் ஓடி வேகம் காட்டக் கூடாது. அதில் சொதப்பினால், சம்பளம் கொடுத்து உன்னை ஓட வைக்கும் அந்தக் கம்பெனி அடுத்த வருடம் உன்னை வைத்துக்கொள்ளாது. எல்லாம் எனக்கும் தெரியும்.

அங்கே பயிற்சியில் ஆயிரம் மீட்டரைப் பத்து முறை ஓடச் சொன்னால், முதல் மூன்றில் கூட ஓடும் பெண்களை எல்லாம் விட்டுவிட்டுப் பறக்கிறாய். எட்டாவதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். நம் ஊர்ப் புத்தி அது. இங்கே முதல் சுற்றில் பின்தங்கினவனைச் சாயங்காலம்வரை கிண்டல் செய்வார்கள். அந்தப் பயத்தில் நாம் எல்லோரும் பயிற்சியிலேயே பந்தயத்தை ஓடித் தீர்த்துவிடுகிறோம். அங்கே உன்னை யார் கிண்டல் செய்யப் போகிறார்கள்?

இப்போது என் மானம் போன கதையைக் கேள். நீ போனபின், பயிற்சியாளர் கிமாயோ என்னை ஜெருதோவுக்கு முன்னால் ஓட விட்டார். (முறைக்காதே. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.) போன செவ்வாய் அதே ஆயிரம் மீட்டர், பத்து முறை. வேகம் எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லித்தான் விட்டார். உன்னை இழுத்த அதே கால்தானே என்று கிளம்பினேன். ஐந்தாவது முடிந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. பாதி மைதானம் தள்ளி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள்.

"அண்ணே, எனக்காக ஓடினீங்களா, என்னை விட்டுட்டு ஓடினீங்களா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கிமாயோ கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "பெண்டாட்டி இருந்தப்ப மணி அடிச்ச மாதிரி ஓடுவியே, இப்ப என்னடா ஆச்சு?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவும்போதுதான் புரிந்தது. நீ என் பின்னால் ஓடிய காலமெல்லாம் திட்டிக்கொண்டே வருவாயே, நினைவிருக்கிறதா? முதல் மூன்றில், "என்னய்யா, மாடு மேய்க்கவா போறோம்? காலைத் தூக்கி வை" என்று முழு வாக்கியமாக வரும். ஆறாவதில் "போய்யா" என்று ஒற்றைச் சொல். கடைசி இரண்டில் வெறும் மூச்சு. நான் கையில் கட்டிய கடிகாரத்தை என்றைக்குமே பார்த்ததில்லை. உன் திட்டு சீக்கிரம் சுருங்கினால் கொஞ்சம் தளர்வேன், நீளமாக வந்தால் கூட்டுவேன். யோசித்துச் செய்ததில்லை, காது கேட்டது, கால் செய்தது. ஆக வேகம் உன்னுடையது, ஜெமேலி. நான் சும்மா முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன்.

இன்றைக்கு ஜெருதோவையும் திட்டிக்கொண்டே வரச் சொன்னேன். அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை, மரியாதைக்காரப் பிள்ளை. சுற்றுக்குச் சுற்று "நல்லாருக்கீங்களாண்ணே" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் பத்தும் ஒன்றுபோல முடிந்தது, பத்தாவது கொஞ்சம் வேகமாகக்கூட வந்தது. கிமாயோ கடிகாரத்தை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

அதனால்தான் சொல்கிறேன். ஞாயிறு துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் ஓடினால் ஓடட்டும். வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மனதுக்குள் என்னைத் திட்டு. பாதி தூரம்வரை முழு வாக்கியம் வர வேண்டும். வரவில்லை என்றால் நீ அவசரப்படுகிறாய் என்று அர்த்தம். ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும் நேரத்தில், முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக உன்னிடம் வந்து சேர்வார்கள்.

எத்தனையாவதாக வந்தாலும் விமான நிலையத்துக்கு முர்சிக் குடுவையோடு நாங்கள் வருவோம். கன்று ஈன்ற மாட்டின் பால்தான் அதற்காகக் குடுவையில் புளித்துக்கொண்டிருக்கிறது. முதலாவதாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை. ஆனால் ஓடாமல் மட்டும் வராதே.

நீ அங்கே புறப்படும் நேரத்தில் இங்கே விடிந்துகொண்டிருக்கும். டிவி முன்னால் உட்கார எனக்குத் தைரியமில்லை. காட்டுப் பாதையில் தனியாக ஓடிக்கொண்டிருப்பேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, ஜெமேலி. நன்றாகச் சத்தமாகத் திட்டு.

என்றும் உனக்கு இரண்டடி முன்னால்,
கிப்தாருஸ்