பதினோரு வீட்டு மணிகள்

2094, சித்திரை 9. காலை 6.10
வேலூர், பாலாற்றங்கரை மின்வட்டாரம். பதினோரு வீட்டுக்கும் மணி வைத்தாயிற்று. வெயில் அதற்குள் நாற்பது டிகிரி. தெருவில் ஆள் நான் ஒருத்தி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் கூடத்துச் சுவரில் பதித்திருப்பது வட்டாரத்தின் ஒரே விளையாட்டுப் பலகை. எந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அத்தனை மணியை, பல்லாங்குழிக் காய்போல, திரையில் நகர்த்த வேண்டும். அதைப் பார்த்து மத்திய நிலையம் பங்கு பிரிக்கும். பத்து வீடாவது ஆடாவிட்டால் வட்டாரத்தையே மூடிவிடும். பிறகு யாரும் குடிவர முடியாது. செய்தவள் என் பேத்தி நறுமுகை. எத்தனையோ ஊரில் இன்று இதைத்தான் ஆடுகிறார்கள்.

சித்திரை 14. காலை 6.30
வெயில் தாங்காமல் அண்டை வீட்டார் ஆளுக்கொரு மலைக்குப் போனபோது, வெளியூர் கிளம்பினால் கொடுப்பதுபோல வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கூடவே அவரவர் வீட்டுக்கு மட்டும் மணி நகர்த்தும் வில்லையையும். மழை விழுந்ததும் வருவார்கள். அதுவரை வட்டாரம் உயிரோடு இருக்க வேண்டும்.

மும்தாஜ் வீட்டுக்கு விடியலில் மாவரைக்க மணி. ஜெயபாலன் வாத்தியாருக்கு இரண்டு மின்விசிறி. வியர்த்தால் மனிதர் சண்டைக்கு வருவார். நானே கதவைத் திறந்து சுவிட்சைப் போடுகிறேன். இல்லாவிட்டால் கள்ள ஆட்டம் என்று பலகை கண்டுபிடித்துவிடும். காலி வீட்டில் விசிறி சுற்றும் சத்தம். கேட்க நன்றாயிருக்கிறது.

சித்திரை 22. மாலை 5.45
வானொலியில் அனுப்பும் கருவி செத்துவிட்டது. கேட்க மட்டும் முடிகிறது. ஊட்டியிலிருந்து நறுமுகை:

"ஆயா, பலகைய பாத்தேன். பதினோரு வீட்லயும் வெளக்கு எரியுதே! எல்லாரும் சொல்லாம கொள்ளாம எறங்கி வந்துட்டாங்களா? உன் வீடு மட்டும் இருட்டு. மும்தாஜ் அத்தை வீட்லயே குந்திகினு கதையடிக்கிறியா? உன்ன கூட்டியார வண்டி சொல்லியிருந்தேன். தொணைக்கு ஆள் இருக்குதேன்னு வேணாம்னுட்டேன்."

அவள் செய்த பலகையில் அவளே ஏமாந்தாள். என் ஆட்டம் அவ்வளவு சுத்தம். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சோறு இறங்கவில்லை.

என் வில்லையை அவள் கழுத்தில் போட்டு அனுப்பினேன். ஒண்டிக்கட்டைக்கு மணி எதற்கு? போன மாதப் பங்கிலேயே என் வீடு ஓடுகிறது.

சித்திரை 31. காலை 7.00
மத்திய நிலையத்தின் செய்தி:

"பன்னிரண்டாம் வீடு ஒரு மாதமாக ஆடவில்லை. ஆளில்லா வீடு. அதன் பங்கு மற்ற வீடுகளுக்குப் பிரிக்கப்படும். இன்று மாலை துண்டிப்பு. உங்கள் வட்டாரம் சிறப்பாக ஆடுகிறது. வாழ்த்துகள்."

பலகை, வானொலி, இந்தக் குறிப்பு எழுதும் திரை எல்லாம் ஓடுவது பன்னிரண்டாம் வீட்டு மின்சாரத்தில், என் வீட்டில். பலகை அணைந்தால் நாளை மணி வைக்க முடியாது. பதினொன்றும் போகும்.

பிற்பகல் 2.20
மும்தாஜ் வீட்டிலிருந்து கம்பி இழுத்தேன். கொக்கி போட்ட மின்சாரம் என்று பலகை ஏற்க மறுக்கிறது. நறுமுகை விவரமாகத்தான் செய்திருக்கிறாள். தண்ணீர் குடித்தேன்.

மாலை 5.50
"ஆயா, உன் வில்ல என் கழுத்துலயேதான் கெடக்குது. இங்கேர்ந்தே உன் வீட்டுக்கு ரெண்டு மணி வெக்கலாமான்னு பாத்தேன். நீதான் அந்த வீட்ல இல்லியே, வீணா எதுக்குன்னு விட்டுட்டேன்."

வை கண்ணு. ஒன்றாவது வை.

ஜன்னலில் தெரு முழுக்க வெளிச்சம். வாத்தியார் வீட்டு விசிறி சுற்றுகிறது. யாரும் வரவில்லை, நறுமுகை. எல்லாம் நான்தான் வைத்தேன். பன்னிரண்டாம் வீட்டில் ஆள் இரு