என் பந்து போட்ட பள்ளம்

ஈப்போ,
ஞாயிறு காலை.

அன்புள்ள வளர்மதிக்கு,

நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

இங்கே கோல்ஃப் மைதானத்தில், கொடி நட்ட புல்தரையில் பந்து விழுந்து பள்ளமானால் அடித்தவரே சரிசெய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. காலையில் புல்தரையைப் பராமரிக்கும் நாங்கள்தான் திட்டிக்கொண்டே மண்டியிட்டுச் சரிசெய்வோம்.

போன வாரம் ஒருநாள் வேலையாட்களையும் விளையாட விட்டார்கள். என் பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், பள்ளத்தை மறந்தே போனேன்.

மறுநாள் என்னோடு வேலை செய்யும் பத்துமலை அண்ணன் அதன்முன் மண்டியிட்டார். "யாரு வேலைலா இது?" என்றார்.

"பணக்காரனுங்க அப்படித்தாண்ணே" என்றேன்.

வாய் கூசவில்லை. இப்போதுதான் கூசுகிறது. போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, எழுதுகிறேன்.

பாப்பாவை நாலு வரி எழுதச் சொல். முட்டிவலித் தைலம் இரண்டு புட்டி அனுப்பு. ஒன்று பத்துமலை அண்ணனுக்கு.

வண்டி வந்துவிட்டது.

உன்
முருகையன்