மூன்று புள்ளி வைத்த குழல்

தங்கைக்கு அக்கா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. போனில் பேசு என்று பேரன் சொன்னான். உன் மகளிடம் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கிறான். போனில் என் குரலைக் கேட்டால் நீ பட்டென்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் படும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நீதான் ஐந்து வரை போனவள் ஆயிற்றே.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டி வலி. வலது காது போய்விட்டது, இடது காது அதற்குத் துணை போகப் பார்க்கிறது. உன் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். என் வீட்டுக்காரர் போனபோது நீ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது, அன்று செவ்வாய்க்கிழமை. அப்பா போனபோது வந்தாய். வந்தும், எதிரே விளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டு உள்ளே காலடி வைக்காமல் திரும்பினாய். நீலப் புடவை, கையில் குடை. மழையே இல்லை. எனக்கு ஒன்றும் மறக்காது. இதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

விஷயம் ஒரு புல்லாங்குழல்.

அப்பாவின் உளிப் பெட்டி அவர் போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. போன மாதம் ஜன்னல் இறுகிக்கொண்டது, செதுக்க உளி வேண்டும் என்று பேரன் பெட்டியைத் திறந்தான். என் மகள் பிள்ளை, உனக்கும் பேரன்தான். உளியெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. ஆனால் பெட்டியின் அடிப்பலகை இருக்க வேண்டியதைவிட நாலு விரல் மேலே இருந்தது. ஆறு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். கழற்றிப் பார்த்தால், அவருடைய பழைய சட்டைத் துணியில் சுற்றி ஒரு குழல். மூங்கில் இல்லை, மரத்தைக் குடைந்தது. ஒரு முழம்கூட இல்லை. நம் வீட்டில் யார் குழல் வாசித்தார்கள்? அப்பா கதவு செய்தவர். தெருவில் பாதி வீட்டுக்கு அவர் மாட்டிய கதவுதான்.

பேரன் நகல் எடுக்கிற கடை வைக்க அட்வான்ஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறான். பழைய குழல் நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். நானும் சரி என்றேன். வாத்தியம் பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் போனோம். மாடிப்படிக்கு அடியில் கடை. பசை வாடை. சுவரெல்லாம் நரம்பு அறுந்த வாத்தியங்கள், கழுத்தில் சுருக்கிட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கண்ணுக்கு மட்டும் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பார். பேரன் படியிறங்கும் முன்பே அவருக்கு ஒத்தைக்கண்ணர் என்று பேர் வைத்துவிட்டான்.

மனுஷர் வேலை தெரிந்தவர். தொட்டதுமே, இது குழல் செய்கிற கை இல்லை, தச்சன் கை என்றார். நீளமான தமரால் இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்திருக்கிறாராம், மயிரிழை பிசகவில்லையாம். மரம் முதிர்ந்த தேக்கு. குழலாவதற்கு முன்னால் முப்பது வருஷமாவது வேறு ஏதோ ஒரு சாமானாக இருந்திருக்க வேண்டும் என்றார். ஒரு பக்கத்தை உருட்டாமல் தட்டையாக விட்டிருந்தது. அதில் இரும்பு உரசிய கறுப்பு. பக்கத்தில் சுட்டு வைத்த மூன்று புள்ளி. அது செய்தவருடைய முத்திரை, முத்திரை இருந்தால் விலை கூடும் என்று தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்துத் தேடத் தொடங்கினார்.

அந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கப் போகிறது? ஆணியை அடுப்பில் காய்ச்சி, பெரியக்காவுக்கு ஒன்று, சின்னக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தம்பி இடக்கையால் வைத்த புள்ளி அல்லவா அது. வாசல் கதவுக்கு உள்பக்கம் தாழாகப் போடுகிற குறுக்குக் கட்டையில் வைத்தான். அதற்கு மூன்று பேரும் அம்மாவிடம் அடி வாங்கினோம். நீ அழவில்லை, நான்தான் அழுதேன். கடையில் அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. எப்போது வாயைத் திறந்தேன்.

அப்புறம் ஒத்தைக்கண்ணர் ஒரு சின்ன விளக்கைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். துளைகளின் ஓரத்தை நகத்தால் தடவினார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பாட்டி, இது சின்னப் புள்ளைக்குச் செஞ்சது. எட்டு வயசு விரல்தான் இந்த ஓட்டையில உக்காரும். வாசிச்ச புள்ளைக்கு இடக்கைப் பழக்கம். அதெல்லாம் சரி. ஆனா ஓரம் இப்படிக் குழியணும்னா ஒரே விரல் அம்பது வருஷம் பட்டிருக்கணும். எட்டு வயசுப் புள்ள எப்படி அம்பது வருஷம் எட்டு வயசாவே இருக்கும்?"

பேரன் சிரித்தான். ஒத்தைக்கண்ணர் சிரிக்கவில்லை. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். பஞ்சு நனைந்திருந்தது. வாசிக்காத குழல் காய்ந்து வெடிக்குமாம், வாசித்த குழலில்தான் மூச்சின் ஈரம் நிற்குமாம். வீட்டில் யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆறு திருகாணிக்குக் கீழே கிடந்த பொருள் என்று பேரன் சொன்னான். அவர் நம்பவில்லை. துடைத்து, விளக்குச் சூட்டில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்தார். மறுநாள் போனபோது எங்கள் எதிரிலேயே பஞ்சை விட்டார். ஈரம்.

தங்கச்சி, உனக்குத் தெரியாத கதையை நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு தடவையாவது அதை யாராவது சரியாகச் சொல்ல வேண்டும்.

தம்பிக்குத் தூக்கத்தில் நடக்கிற வழக்கம். மதியத்தில்தான் அதிகம். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் மதியச் சாப்பாடு ஆனதும் வாசலுக்குக் குறுக்குக் கட்டை போட வேண்டும். அது உன் வேலை. அவனுக்கு எட்டு, உனக்குப் பதினொன்று, எனக்குப் பதினாலு. அன்றைக்கு அம்மா கண் அசந்த நேரத்தில் அவன் எழுந்து போனான். ஆற்று மணலில் அவன் காலடி பாதி தூரம்வரை நேராகப் போயிருந்தது. தண்ணீர் அதற்கும் அப்பால் இருபது அடி. பாதியில் காலடி நின்றுவிட்டது. திரும்பி வந்த தடமும் இல்லை, மேலே போன தடமும் இல்லை. அதன்மேல் எத்தனை பேர் தேடி நடந்து நடந்து மிதித்தார்கள், அவன் கிடைக்கவே இல்லை.

ஊர் உன்னைத்தான் கேட்டது. கட்டையைக் காணோம், தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றாய். போட மறந்துவிட்டு, அதை மறைக்கக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்றார்கள். அம்மா சாகும்வரை உன்னோடு பேசவில்லை. மறுவாரமே உன்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பச்சைப் பாவாடை, தகரப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு இல்லாமல் கயிறு கட்டியிருந்தார்கள்.

நீ தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லை வழியாகப் பட்டறைக்குப் போனார். கையில் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று. என்னைப் பார்த்துச் சிரித்து உதட்டில் விரல் வைத்தார். நானும் சிரித்தேன். தம்பிக்கு இளைப்பு இருந்ததல்லவா, எதையாவது ஊதப் பழக்குங்கள், நெஞ்சு விரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடைந்தால் வெடிக்காத, நன்றாகக் காய்ந்து பதப்பட்ட மரம் அப்பாவுக்கு வேண்டியிருந்தது. பட்டறையில் இருந்ததெல்லாம் பச்சை மரம். வீட்டிலேயே முப்பது வருஷம் காய்ந்த மரம் கதவுக்குப் பின்னால் இருக்கும்போது எந்தத் தச்சனுக்குக் கை சும்மா இருக்கும்? ஒரு பொழுதுதானே, சாயங்காலத்துக்குள் புதுக் கட்டை செதுக்கிப் போட்டுவிடலாம் என்று எடுத்திருப்பார்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவ கட்டை போட்டத நான் பாக்கல" என்றேன். அது பொய் இல்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக அது பொய் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா புருவத்தில் மரத்தூளோடு நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்தார். சாக்கில் என்ன என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் தெரியாது என்று ஆகிவிடுமா? உன் மேல் கோபத்தைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்தால் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிவரும்.

அவர் அந்தக் குழலைப் பாதியில் விடவில்லை, பார். பிள்ளை போன பிறகு உட்கார்ந்து முடித்திருக்கிறார். உள்ளே கண்ணாடி மாதிரி இழைத்திருக்கிறார். தட்டைப் பக்கத்தை மட்டும் உருட்ட மனசு வரவில்லை, புள்ளி போய்விடும். தெருவுக்கெல்லாம் கதவு செய்தவர் தன் வாசலுக்கு மறுபடி ஒரு கட்டை போடவில்லை. கடைசி மூன்று நாள் "கட்டை போடாதம்மா, கட்டை போடாதம்மா" என்று முனகிக்கொண்டே கிடந்தார். பிதற்றல் என்று நினைத்தேன். அவர் போன மறுமாதம் என் வீட்டுக்காரர் அதே வாசலுக்கு இரும்புத் தாழ்ப்பாள் வைத்தார்.

குழலுக்கு ஆள் வந்துவிட்டது. வாத்தியங்களைச் சேர்த்து வைக்கிற ஒருவர். அவர் தருவதாகச் சொன்ன தொகையைக் கேட்டதும் பேரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கடை வைத்து மிச்சமும் நிற்குமாம். வாங்கி எங்கே வைப்பார் என்று நான் கேட்டேன். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பாராம். ஒத்தைக்கண்ணர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். "வெளி ஈரம் உள்ள போகாது பாட்டி, உள்ள இருக்கறதும் வெளிய வராது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று குழலை முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். பேரன் என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. அவனும் நம் வீட்டுப் பிள்ளைதானே, கோபத்தை எங்கிருந்து கற்றான் என்று கேட்கவா வேண்டும். இந்த மாதக் கடைசிவரை அந்த ஆள் காத்திருப்பாராம்.

இப்போது அது அலமாரியில், என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. காலையில் பஞ்சு விட்டால் காய்ந்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் விட்டால் நனைகிறது. புதன்கிழமை பஞ்சில் ஈரத்தோடு நாலைந்து மணல் துகள் வந்தது. வெள்ளை மணல், ஆற்று மணல். துடைத்துப் போட மனசு வராமல் ஒரு மூடியில் போட்டு வைத்திருக்கிறேன். பயமா என்று கேட்காதே. சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. காதை அலமாரிக் கதவில் வைத்தும் பார்த்தேன். என் காது செத்த காது. உனக்குப் பாம்புக் காது. அவன் தூக்கத்தில் பாயைவிட்டு எழும் சத்தம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் கேட்கும். அன்றைக்குக்கூட நீ வீட்டுக்குள் இருந்திருந்தால் கேட்டிருக்கும். கொல்லையில் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தாய்.

குழலில் மூன்று புள்ளி. என்னுடையது விற்காதே என்கிறது. பேரனுக்கு என் வளையலைக் கழற்றித் தருகிறேன், அட்வான்ஸில் பாதியாவது ஆகும். உன்னுடையது என்ன சொல்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். நீ விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை வராது. மூன்றாவது புள்ளியை என்னால் கேட்க முடியவில்லை. நீ வந்து கேள்.

மதிய பஸ்ஸில் வா. தெருமுனையில் இறங்கினால் நாலாவது வீடு, விளக்குக் கம்பம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதனடியில் நிற்காதே. கதவைத் தட்டவும் தட்டாதே, எனக்குக் கேட்காது. தள்ளினால் திறக்கும். இரும்புத் தாழ்ப்பாளை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன். திருடன் வருவான் என்று பேரன் கத்துகிறான், வந்தால் வரட்டும். இந்த வீட்டில் தாழ் போடுகிற வேலையை இனி நான் எந்தப் பிள்ளைக்கும் தருவதாக இல்லை.

எனக்கு முன்னால் நீ போய்விடக் கூடாது. அதை மட்டும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் பெரியக்கா