மாதுளையைக் காத்த சொல்

செப்டெம்பர் 9, செவ்வாய்

இன்றும் நாய் மாதுளையின் பட்டையைக் கடித்து உரித்தது. இன்னும் இரண்டு விரலகலம் போனால் அடிமரத்தில் சுற்றிவரப் பட்டை இராது, மரம் பட்டுப்போகும். மகன் நட்ட மரம்.

நான் தனியாக இருக்கிறேன் என்று மகள் போன மாதம் கொண்டுவந்து விட்ட நாய் இது. ஒரு நிமிடம் சும்மா இராது. மரத்தைச் சுற்றிப் பனங்காவோலை கட்டினேன், வேப்பெண்ணெய் பூசினேன். தமிழில் அதட்டினேன். மடத்துப் பள்ளியில் கற்ற இங்கிலிசிலும் அதட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டே கடித்தது.

எருக்கலம்பிட்டியிலிருந்து வரும் மீன்காரர் வாசல் படலையில் நின்று சிரித்தார். "ரீச்சர், இது ஆமிக் காம்பில வளர்ந்த நாயெல்லோ. உங்கட இங்கிலிசு அதுக்கென்ன விளங்கும்?" என்றவர், நாயைப் பார்த்து "எப்பா!" என்றார். வேண்டாம் என்பதற்குச் சிங்களம். நாய் உடனே மரத்தை விட்டு உட்கார்ந்தது.

"நீங்களும் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

"அந்தச் சொல் என்ர வாயில வராது."

பகிடி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

இராணுவத்தினர் மகனைக் கூட்டிக்கொண்டு போன அன்று, பின்னால் ஓடிய என்னை இதே படலையில் அந்த ஒரு சொல்லால்தான் மறித்தார்கள். நானும் நின்றுவிட்டேன்.

மாலையில் மறுபடியும் பட்டை உரியும் சத்தம். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் சொன்ன அதே குரலில் வந்தது. நாய் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

மரம் தப்பியது. நாளைக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.