கொலுப்படியில் குடில்கள்

2024 நவம்பர் 24, ஞாயிறு

ருவாண்டாவிலிருந்து வந்து சேர்ந்தேன். பதுளை வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் மூட்டை நசுங்கவில்லை. வாழைநாரில் செய்த பாலன் குடில், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம். மரியாளின் முக்காடுகூட வாழைச்சருகுதான்.

தேயிலைத் தோட்டங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை எனக்கு. தேயிலை விளையும் நாடுகளுக்குத்தான் அனுப்புவார்கள். போன இடத்திலெல்லாம் ஒரு குடில் வாங்காமல் திரும்புவதில்லை. கென்யக் குடிலில் ஒட்டகத்துக்குப் பதில் வரிக்குதிரை நிற்கிறது. பெருவில் லாமா. வியட்நாம் சூசையப்பர் கூம்புத் தொப்பி போட்டிருக்கிறார், பக்கத்தில் எருமை. பக்தியா இது? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தை தங்கள் வீட்டுப் பின்புறத்தில்தான் பிறந்தது என்று ஒவ்வொரு ஊர்க்காரரும் நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

கதவைத் திறந்தது கிருஷாந்தி. "வாங்க. சாப்பாடு இருக்குங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பதினான்கு வயது. என் கணவர் கிருஷ்ணராஜுக்கும் காலமான முதல் மனைவி விஜயலெட்சுமிக்கும் பிறந்த மகள். நான் இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. விருந்தாளியிடம் பேசுவது போலத்தான் இன்னும் பேசுகிறாள். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா, அல்லது பிடிக்கலாமா என்றே தெரியவில்லையா?

டிசம்பர் 1

"அந்தப் பெட்டியெல்லாம் எப்பத்தான் பிரிப்ப? நத்தார் வருது. இது ஒன் வீடுந்தானே" என்றார் இவர்.

தேவாலயத்தில் பூசைக்குப் போய்வந்து சாமான் அறையைக் குடைந்தேன். ஐந்து படி வைத்த மரத்தட்டு ஒன்று, தூசி மண்டிக் கிடந்தது. இதைவிடத் தோதாக வேறென்ன கிடைக்கும்? சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். ஓரங்களில் காய்ந்திருந்த கறைகூடப் போய்விட்டது. வெள்ளைத் துணி விரித்து முன்னறையில் எல்லாக் குடில்களையும் அடுக்கினேன். பாலன்களை மட்டும் வைக்கவில்லை. எங்கள் லுணுகலைப் பக்கத்தில், கிறிஸ்து பிறக்கும் நத்தார் இரவு வரை தொட்டில் வெறுமையாகத்தான் இருக்கும்.

முதல் தடவையாக இந்த வீட்டில் என்னுடையது ஒன்று கண்ணில் படுகிறது.

டிசம்பர் 2

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லா இருக்குங்க" என்றாள். இரவு சாப்பிடவில்லை. வயிற்றுவலியாம்.

சைவப் பிள்ளை. வீட்டு முன்னறையை நான் தேவாலயமாக்கிவிட்டேன் என்று நினைக்கிறாளோ?

டிசம்பர் 5

பசறையிலிருந்து ரெங்கம்மா மதினி வந்தார், இவருடைய அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது.

"அடி ஜெயந்தினி, இது விஜயா கொலுப்படில்ல?"

நான் விழித்தேன்.

"நவராத்திரிக்குப் பொம்ம அடுக்குற படி. அவ போனதுக்கப்பறம் யாரும் எறக்கல. கடைசியா அவ கையால வச்ச மஞ்சளும் குங்குமமும் அப்பிடியே இருக்கணும்னு அந்தப் புள்ள ஒருத்தரையும் தொட விடல. எங்க அந்த மஞ்சளு?"

துணியைத் தூக்கிப் பார்த்தார். பலகை பளிச்சென்று இருந்தது.

கறை. நான் அதைக் கறை என்று தேய்த்தேன்.

"உங்களுக்குமா தெரியல?" என்று இவரைக் கேட்டேன். "நான் கடையில இருந்து வந்தப்ப துணி விரிச்சிருந்துச்சு. நீ புதுசா ஏதோ வாங்குனதா நெனச்சேன்" என்கிறார். இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணியைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லும் மனுஷன்.

என்ன வேலை செஞ்சு வச்சிருக்கேன் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே. நாடு நாடாப் போயி அடுத்தவங்க தோட்டத்துல குத்தம் கண்டுபிடிக்கத் தெரியுது — சொந்த வீட்டுல ஒரு புள்ள பொத்திப் பொத்தி வச்சிருந்த அம்மா கைத்தடம் — அதப் போயி சவுக்காரம் போட்டு —

எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவள் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க" என்றாள். கதவு திறக்கவில்லை.

டிசம்பர் 6

காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனாள்.

டிசம்பர் 7, சனி

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"ஏன் எடுத்தீங்க?"

"அது உங்க அம்மாவோட படி."

"கழுவினதுக்குத்தான் கோவம். வச்சதுக்கு இல்ல. இப்ப மஞ்சளும் இல்ல, பொம்மையும் இல்ல. வெறும் பலகையாக் கெடக்கு. அதுக்கு வச்சிருந்ததே தேவல."

அழுதாள். நானும். ரொட்டி கருகிய வாசனை வந்தபோதுதான் இருவரும் அடுப்பைப் பார்த்தோம்.

பிறகு சேர்ந்து பெட்டிகளைப் பிரித்தோம். நான் அடுக்கியிருந்த முறையே தப்பாம். "நீங்க அழகு பாத்து வச்சிருந்தீங்க. கீழ்ப்படில புல்லு பூண்டு. அப்பறம் மிருகம். அதுக்கு மேல மனுசங்க. சாமி உச்சியில. அம்மா அப்பிடித்தான் வைப்பாங்க."

வியட்நாம் குடிலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல சாமியும் எருமையும் ஒரே கொட்டில்ல இருக்கே. எந்தப் படில வைக்கிறது?"

இத்தனை வருஷம் சேர்த்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"பிரிச்சிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒவ்வொரு குடிலையும் தனித்தனியே சுற்றி, ஒன்றோடொன்று கலக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறேன். கலந்துவிட்டால் எந்தக் கழுதை எந்த நாட்டுடையது என்று எனக்கே தெரியாது. வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பிரிச்சிருவோம்."

மத்தியானம் வரை ஆயிற்று. கீழே தேயிலைக் கொழுந்தும் புல்லும். அடுத்த படியில் வரிக்குதிரை, லாமா, எருமை, எல்லா நாட்டுக் கழுதைகளும். அதற்கு மேல் இடையர்கள். மூன்று ராசாக்களுக்குத் தனிப்படி வேண்டுமா என்பதில் சண்டை. "ராசான்னா மனுசன் இல்லையா?" என்றாள். ஆனாலும் ஐந்து படி நிரப்ப வேண்டுமே, கொடுத்துவிட்டாள். உச்சியில் மரியாள்களும் சூசையப்பர்களும் வரிசையாக, தங்கள் தங்கள் வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு.

டிசம்பர் 25

நேற்றிரவு பாலன்களைத் தொட்டில்களில் வைத்தோம். மதினி படியைப் பார்த்து முகவாயில் கை வைத்தார். "மாட்டையெல்லாம் இப்பிடிக் கீழ தள்ளிப்புட்டா, அதுங்க மூச்சுச் சூடு இல்லாம மேல இருக்கிற புள்ளைங்களுக்குக் குளிருமேடி. பதுளக் குளிரு அதுங்களுக்குப் பழக்கமா?"

"அப்ப ஒங்க சால்வையக் குடுங்க அத்தை, போத்தி விடுறேன்" என்றாள் கிருஷாந்தி.

கேக் வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எருமை உச்சிப்படியில் நிற்கிறது. "ஒண்ணு போதும்" என்றாள்.

2025 மே 11

ஜோர்ஜியா. கடலோரக் கடை ஒன்றில் களிமண் குடில். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில்: ஆட்டைத் தனியா எடுக்க வருமா, ஒட்டியிருக்கா?

ஒட்டித்தான் இருந்தது. வாங்கவில்லை.

செப்டம்பர் 23

நவராத்திரி. கொலு வைக்கப்போவதாக அவளேதான் சொன்னாள். மஞ்சளும் குங்குமமும் அவளே வைத்தாள். நான் பொம்மைகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்ததோடு சரி. இவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்: டிசம்பரில் ஆர்ஜென்டினா, மூன்று வாரம். அந்த நாட்டுக்கு நான் போனதே இல்லை. அங்கே குடில்களை எப்படிச் செய்வார்கள் என்று இணையத்தில் தேடிப் பார்த்துக்கொண்டே முறுக்குச் சுட்டேன்.

சாப்பிடும்போது சொன்னேன். இவர் வழக்கம்போல, "போயிட்டு வா" என்றார்.

கிருஷாந்தி தட்டைத் தள்ளினாள். "எப்பப் பாத்தாலும் என்ன போறது? இந்தத் தடவ போகாதீங்க. எனக்கு டிசம்பர்ல தவணப் பரீட்ச. அப்பா வைக்கிற ரசத்தக் குடிச்சிட்டு நான் பாஸ் பண்ணுன மாதிரிதான்."

"ரசம் ஒன்ன என்னடி செஞ்சிச்சு?" என்றார் இவர்.

"கேக்காதீங்கப்பா." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பதில் சொல்லுங்க. சும்மா சிரிக்காதீங்க."

நான் சிரித்துக்கொண்டா இருந்தேன்?

முறுக்கு டின்னை மூடி வைத்துவிட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். டிசம்பரில் வர இயலாது, வேறு யாரையாவது அனுப்புங்கள். காரணம் என்று ஒரு வரி போட வேண்டியிருந்தது: வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை.